வேதாகமத்து எண்களை வாசிப்பது எப்படி? தோட்டத்து வேத வகுப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கமாகட்டும், பண்டாரவளை பக்கமாகட்டும், ஒரு தோட்டத்து வீட்டுக் கூட்டத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்தால் போதும், எண்களைப் பற்றிய கேள்வி வந்துவிடும். "666 யாருங்க?" "ஏன் எல்லாத்துக்கும் ஏழு?" "153 மீனுன்னு ஏன் இவ்வளவு கறாரா எழுதி வச்சிருக்கு?" எல்லாம் நல்ல கேள்விகள். பதில்கள்தான் பெரும்பாலும் சொதப்பும். சிலர் "அது ஆவிக்குரிய ரகசியம்" என்று தாண்டிவிடுவார்கள். சிலர் போனில் பார்த்த வீடியோவை அப்படியே ஒப்புவிப்பார்கள். அதில் அடையாள அட்டை, தடுப்பூசி, பார்கோடு எல்லாம் வந்து சேரும்.

ஞாயிறு பாடசாலை நடத்துகிறவர்கள், மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவர்கள், லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து வேதம் வாசிக்கிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். 'மூன்று என்றால் தெய்வீகம், ஏழு என்றால் முழுமை, நாற்பது என்றால் சோதனை' என்று ஓர் அட்டவணை எல்லாரிடமும் இருக்கும். அது பொய்யில்லை, ஆனால் அரைவேக்காடு. வேதாகமத்தில் ஓர் எண் பேசுகிறது என்றால், பெரும்பாலும் அது முன்பு நடந்த ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்துகிறது. அந்தச் சம்பவம் தெரிந்தால் எண்ணும் புரியும். தெரியாவிட்டால் அட்டவணையை மனப்பாடம் செய்தும் பிரயோசனமில்லை. கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த ஒன்றைச் செய்வதற்குத்தான்.

படி 1: வசனத்தை ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு கொப்பி, ஒரு பேனை, முடிந்தால் இரண்டு வேதாகமம். மலையகத்தில் இது கஷ்டமில்லை; ஒரே லயத்தில் ஒரு வீட்டில் சீர்திருத்த சபையாரின் பழைய பரிசுத்த வேதாகமம் இருக்கும், அடுத்த வீட்டில் கத்தோலிக்கரின் திருவிவிலியம் இருக்கும். ஒருவர் 'ஆதியாகமம்' என்பார், மற்றவர் 'தொடக்கநூல்' என்பார். 'வெளிப்படுத்தின விசேஷம்' அங்கே 'திருவெளிப்பாடு'. முதல் ஐந்து நிமிடத்தை இந்தப் பெயர்களைப் பொருத்திவிடச் செலவழியுங்கள். இல்லையென்றால் கூட்டம் முழுக்கப் பக்கம் தேடுவதிலேயே போய்விடும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பதில் இன்னொரு இலாபம் உண்டு. லூக்கா 10:1இல் இயேசு அனுப்பியவர்கள் பழைய பதிப்பில் எழுபது பேர், திருவிவிலியத்தில் எழுபத்திரண்டு பேர். யாரும் தப்பாக அச்சடிக்கவில்லை. பழைய கையெழுத்துப் பிரதிகளே இரண்டு விதமாக இருக்கின்றன. ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தில் உலகத்து சாதிகளின் பட்டியல் வருகிறதல்லவா, அதுவும் எபிரெயப் பிரதியில் எழுபதாகவும் கிரேக்கப் பிரதியில் எழுபத்திரண்டாகவும் எண்ணப்படுகிறது. லூக்காவின் எண் எந்தப் பழைய பக்கத்தைப் பார்க்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்: எல்லா சாதிகளுக்கும் ஆள் அனுப்புகிறார்.

அதிகார எண்களையும் வசன எண்களையும் மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். இப்போதுள்ள அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எத்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டவை. சங்கீத எண்கள்கூட எல்லாரிடமும் ஒன்றில்லை. பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகங்களில் நம்முடைய 23ஆம் சங்கீதம் 22ஆக இருக்கும். ஆகவே 'வேதாகமத்தின் நடு வசனம் இதுதான்', 'இந்த வசன எண்ணைத் திருப்பிப் போட்டால் இந்த வருடம் வருகிறது' என்று வாட்ஸ்அப்பில் வருவதைக் கூட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

படி 2: இது என்ன வகை எண் என்று கேளுங்கள்

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று நாம் சொல்லும்போது யாரும் அந்த நாலு பேர் யார் யார் என்று கேட்பதில்லை. வேதாகமத்து மக்களும் அப்படிப் பேசியவர்கள்தான். ஆமோஸ் தீர்க்கதரிசி "மூன்று பாதகங்களினிமித்தம், நாலு பாதகங்களினிமித்தம்" என்று ஒவ்வொரு ஊராகத் திட்டுகிறார். பல இடங்களில் குற்றங்களை எண்ணிப் பார்த்தால் மூன்றும் வராது, நான்கும் வராது. நீதிமொழிகள் 6:16இல் "ஆறு காரியங்கள், ஏழு காரியங்கள்" என்கிற நடை இதன் உறவுக்காரன். அங்கே மட்டும் பட்டியல் சரியாக ஏழு.

வட்டமாகச் சொல்லும் எண்ணுக்கு நல்ல உதாரணம் தாவீது. 2 சாமுவேல் 5:4, 5ஐ வாசியுங்கள். நாற்பது வருடம் அரசாண்டான் என்கிறது. அடுத்த வரியிலேயே எப்ரோனில் ஏழு வருடம் ஆறு மாதம், எருசலேமில் முப்பத்து மூன்று வருடம் என்று பிரித்துச் சொல்கிறது. கூட்டினால் நாற்பதரை. எழுதியவருக்குக் கூட்டல் தெரியாமலில்லை. ஒரு தலைமுறைக் காலம் ஆண்டான் என்று சொல்ல நாற்பது போதும்.

மறுபக்கம், சில எண்கள் வெறும் எண்ணிக்கை. பவுல் போன கப்பலில் 276 பேர் இருந்தார்கள் (அப்போஸ்தலர் 27:37). புயலில் சிக்கிய கப்பலில் தலைகளை எண்ணாமல் வேறு என்ன செய்வார்கள்? அதில் மறைபொருள் தேடினால் தேடுகிறவரின் கற்பனைதான் வெளியே வரும்.

இந்தப் படியில் நம் ஊர் ஆட்கள் மற்றவர்களைவிட நன்றாக வாசிக்கும் இடம் ஒன்று இருக்கிறது: குடிக்கணக்கு. எண்ணாகமம் 1ஆம் அதிகாரத்தில், யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்கள் 603,550 பேர். 26ஆம் அதிகாரத்தில் மறுபடி எண்ணும்போது 601,730 பேர். நடுவில் ஒரு தலைமுறையே வனாந்தரத்தில் செத்துப்போயிருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் இந்த அதிகாரங்களை யாரும் வாசிக்கவே மாட்டார்கள், தூக்கம் வரும். இங்கே அப்படியில்லை. 1964 ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாதிருந்த மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் மேசையில் வைத்துப் பிரித்தன. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வெட்டினார்கள். எந்த எண்ணுக்குள் தன் அண்ணன் விழுந்தான், எதற்குள் தான் விழுந்தோம் என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு எண்ணாகமம் வாசித்துப் பாருங்கள்.

அப்புறம் 2 சாமுவேல் 24க்குப் போங்கள். அங்கே தாவீது சனத்தை எண்ணியது பாவமாகிறது, கொள்ளைநோய் வருகிறது. எண்ணாகமத்தில் கட்டளையாக இருந்தது இங்கே எப்படிக் குற்றமானது? காரணத்தைக் கதை நேராகச் சொல்லவில்லை. ஆனால் தாவீது கேட்பது பட்டயம் பிடிக்கிறவர்களின் தொகையை, தன் பலத்தைத் தெரிந்துகொள்ள. எனவே கொப்பியில் எழுத வேண்டிய முதல் கேள்வி இது: யார் எண்ணுகிறார், எதற்காக?

படி 3: பழைய சம்பவத்தைத் தேடுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். வேதாகமத்தின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும் ஒத்துவாக்கியங்களைத்தான் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்புகளை) முதலில் பார்க்க வேண்டும். எல்லா எண்ணையும் இங்கே பார்க்க முடியாது. அடிக்கடி வரும் மூன்றைப் பார்ப்போம்.

ஏழு. தொடக்கம் படைப்பின் ஏழு நாள். ஏழாம் நாள் ஓய்வு, ஏழாம் வருடம் நிலத்துக்கே ஓய்வு, ஏழேழு நாற்பத்தொன்பது கழிந்து ஐம்பதாம் வருடம் யூபிலி (லேவியராகமம் 25). யூபிலியில் அடிமைப்பட்டவன் வீட்டுக்குப் போகிறான், விற்ற காணி திரும்பி வருகிறது. காணியுரிமை இன்னும் பேச்சாகவே இருக்கிற நம் ஊரில் இந்த அதிகாரத்தை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். எரிகோவில் ஏழு ஆசாரியர், ஏழு எக்காளம், ஏழு நாள், ஏழாம் நாளில் ஏழு சுற்று. நாகமான் யோர்தானில் ஏழு முழுக்கு. வெளிப்படுத்தின விசேஷத்தில் சபை, முத்திரை, எக்காளம், கலசம் எல்லாம் ஏழேழு. ஆசியாவில் அந்த ஏழு ஊர்களைத் தவிர வேறு ஊர்களிலும் சபை இருந்தது. கொலோசெ அப்படி ஒன்று. ஏழை மட்டும் எடுத்தது எல்லாச் சபைக்கும் சேர்த்துப் பேசத்தான்.

ஏழில் எனக்குப் பிடித்த இடம் மத்தேயு 18. சகோதரனை எத்தனை தடவை மன்னிக்க வேண்டும், ஏழு தடவையா என்று பேதுரு கேட்கிறார். கேட்கும்போதே தாராளமாகக் கேட்டுவிட்ட நினைப்பு அவருக்கு இருந்திருக்கும். ஏழெழுபது தடவை என்று இயேசு சொல்கிறார். யாராவது உடனே 490 என்று பெருக்கிச் சொல்வார்கள், பெரும்பாலும் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று. சரி, 491ஆம் தடவை அடிக்கலாமா என்று திருப்பிக் கேளுங்கள். அப்புறம் ஆதியாகமம் 4:24ஐத் திறக்கச் சொல்லுங்கள். காயீனின் வம்சத்தில் வந்த லாமேக்கு தன் மனைவிமாரிடம் பெருமையடிக்கிறான்: காயீனுக்காக ஏழு மடங்கு பழி என்றால் எனக்காக எழுபத்தேழு மடங்கு. பழிவாங்குவதற்கு அவன் போட்ட கணக்கை இயேசு எடுத்து மன்னிப்புக்குத் திருப்பிவிடுகிறார். 'ஏழு என்றால் முழுமை' என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வந்துசேர முடியாது. கூட்டத்தில் இதைச் சொன்னவுடன் ஒரு அமைதி வரும். பக்கத்து வீட்டு வேலித் தகராறு யாருக்காவது ஞாபகம் வந்திருக்கும்.

நாற்பது. ஜலப்பிரளயத்தில் நாற்பது நாள் மழை. மோசே சீனாய் மலையில் நாற்பது நாள். எலியா சாப்பிட்ட அந்தச் சாப்பாட்டின் பலத்தில் ஓரேப் மலைவரை நாற்பது நாள் நடக்கிறார். வேவுகாரர் கானானைச் சுற்றிப் பார்த்தது நாற்பது நாள். பயந்து திரும்பியதால் நாளுக்கு ஒரு வருடமாக நாற்பது வருடம் அலைச்சல் (எண்ணாகமம் 14:34). நினிவேக்கு நாற்பது நாள் தவணை. இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள், உயிர்த்தெழுந்த பின் சீடருடன் நாற்பது நாள்.

இயேசுவின் நாற்பது நாளுக்கு எது பழைய சம்பவம்? மோசேயா, எலியாவா, இஸ்ரவேலரின் நாற்பது வருடமா? மத்தேயு 4இல் அவர் பிசாசுக்குச் சொல்லும் மூன்று பதிலும் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வருகின்றன. அவை வனாந்தரத்து அலைச்சலைப் பற்றிய அதிகாரங்கள். ஆக, இஸ்ரவேல் தோற்ற இடத்தில் இவர் நிற்கிறார் என்று மத்தேயு சொல்கிறார். இப்படி ஆதாரத்தோடு ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழக்குங்கள். எல்லா நாற்பதையும் ஒரே பையில் போட்டுக் கட்டாதீர்கள்.

தவக்காலத்தில் பிள்ளைகள் நாட்காட்டியை வைத்து எண்ணிவிட்டு, "திருநீற்றுப் புதனிலிருந்து நாற்பத்தாறு நாள் வருதே" என்று பிடித்துவிடுவார்கள். பெரிய சனிவரை எண்ணினால் 46தான். நடுவில் ஆறு ஞாயிறு. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் நோன்புக் கணக்கில் சேராது. 46இல் 6 போனால் 40.

பன்னிரண்டு. யாக்கோபின் பன்னிரண்டு மகன்கள், பன்னிரண்டு கோத்திரம். இயேசு பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தபோது கலிலேயாவில் இருந்த யூதருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. சிதறிப்போன கோத்திரங்களை ஒருவர் திரும்பக் கூட்டுகிறார். அதனால்தான் யூதாஸ் போனதும் பதினொரு பேராக விட்டுவிடாமல் மத்தியாவைச் சேர்க்கிறார்கள். பிற்பாடு யோவானின் அண்ணன் யாக்கோபு கொல்லப்பட்டபோது (அப்போஸ்தலர் 12) அவருடைய இடத்துக்கு யாரையும் போட்டதாகச் சொல்லப்படவில்லை. இதைக் கவனித்தால் பன்னிரண்டு என்பது கமிட்டி உறுப்பினர் தொகை இல்லை என்று விளங்கும்.

மூன்று, நான்கு, பத்து பற்றி நீட்ட வேண்டாம். மூன்றாம் நாள் என்றால் யோனாவும் ஆபிரகாமின் மோரியா மலைப் பயணமும், நான்கு என்றால் பூமியின் நாலு திசை, பத்து என்றால் பத்துக் கட்டளைகளும் எகிப்தின் வாதைகளும். இவ்வளவு தெரிந்தால் முதலில் போதும். எட்டு மட்டும் பலர் கவனிக்காதது: பேழையில் தப்பியவர்கள் எட்டுப் பேர், விருத்தசேதனம் எட்டாம் நாள், ஏழு நாள் வாரம் முடிந்து மறுநாள் உயிர்ப்பு. பழைய ஞானஸ்நானத் தொட்டிகள் பல எண்கோணமாக இருப்பது இதனால்தான்.

படி 4: ஒரு பகுதியை முழுதாகச் செய்து பாருங்கள்

மாற்கு சுவிசேஷத்தில் கூடைக் கணக்கு ஒன்று வருகிறது. கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

6ஆம் அதிகாரம்: ஐந்து அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் பேர், மிச்சம் பன்னிரண்டு கூடை. 8ஆம் அதிகாரம்: ஏழு அப்பம், நாலாயிரம் பேர், மிச்சம் ஏழு கூடை. இதோடு முடிந்திருந்தால் 'இரண்டு அற்புதம்' என்று போயிருக்கலாம். ஆனால் 8:14 முதல் சீடர்கள் ஒரே ஓர் அப்பத்தோடு படகில் போகிறார்கள், சாப்பாடு இல்லையே என்று கவலைப்படுகிறார்கள். இயேசு கணக்குக் கேட்கிறார். ஐயாயிரம் பேருக்குப் பிட்டபோது எத்தனை கூடை எடுத்தீர்கள்? பன்னிரண்டு. நாலாயிரம் பேருக்கு? ஏழு. "இன்னும் உங்களுக்கு விளங்கவில்லையா?" அவ்வளவுதான். பதில் சொல்லாமல் கதை நகர்ந்துவிடுகிறது.

எண்ணைக் கவனி என்று பகுதியே சொல்கிற இடம் இது. இங்கே படி 2ஐயும் 3ஐயும் போடுங்கள். யார் எண்ணுகிறார்? இயேசு எண்ண வைக்கிறார். எதற்காக? சீடர்களின் பயத்துக்குப் பதிலாக. பழைய சம்பவம்? முதல் கூட்டத்தை நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் உட்கார வைக்கிறார். மோசே சனத்துக்குத் தலைவர்களை வைத்ததும் அப்படித்தான் (யாத்திராகமம் 18). வனாந்தரத்தில் அப்பம் என்றால் மன்னா. முதல் விருந்து இஸ்ரவேலின் சாயல், பன்னிரண்டு கூடை அதற்குப் பொருந்துகிறது.

இரண்டாவது எங்கே நடக்கிறது? 7:31ஐப் பாருங்கள், தெக்கப்போலி நாடு, புறசாதியார் வாழும் பக்கம். அதற்குக் கொஞ்சம் முன்புதான் சீரோபேனிக்கிய அம்மா ஒருத்தி, பிள்ளைகள் சிந்தும் துணிக்கைகளை மேசைக்குக் கீழே நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று வாதாடி வென்றிருக்கிறாள். துணிக்கை கேட்ட அம்மாவின் ஆட்களுக்கு அடுத்த அதிகாரத்தில் முழு விருந்து, அதிலும் மிச்சம் ஏழு கூடை. ஏழை எல்லா சாதிகளுக்கும் உரிய நிறைவாக வாசிப்பது பழைய வழக்கம்; கானானின் ஏழு சாதிகளை (உபாகமம் 7:1) நினைப்பவர்களும் உண்டு. ஏழு அப்பம் இருந்ததால் ஏழு கூடை, அவ்வளவுதான் என்கிறவர்களும் உண்டு. எனக்கு முதல் வாசிப்புத்தான் சரியாகப்படுகிறது, காரணம் அந்த அம்மா நடுவில் நிற்பதுதான்.

இந்தப் பாடத்தில் ஒரு பெண் "மிஞ்சினத யாரு தூக்கிட்டுப் போனது?" என்று கேட்டார். பன்னிரண்டு கூடை, பன்னிரண்டு சீடர். ஆளுக்கு ஒன்று. முதலில் "நீங்களே அவர்களுக்குச் சாப்பிடக் கொடுங்கள்" என்று இயேசு சொன்னபோது எங்களிடம் காசு எங்கே என்று முணுமுணுத்த அதே ஆட்கள். சுமை தூக்கிப் பழகியவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

படி 5: கணக்குப் போடச் சொன்னால் மட்டும் போடுங்கள்

எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. அதனால் ஒரு பெயரைக் கூட்டித் தொகையாகச் சொல்ல முடியும். தாவீதின் பெயர் எபிரெயத்தில் மூன்று எழுத்து: 4, 6, 4, கூட்டினால் 14. மத்தேயு 1:17 தலைமுறைகளைப் பதினாலு பதினாலாக மூன்று கட்டாகப் பிரிப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கலாம். பதினாலு வரவேண்டும் என்பதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று ராஜாக்களை விட்டுவிடுகிறார். அப்படியும் பெயர்களை எண்ணினால் 41தான் வரும், 42 வராது. எகோனியாவை இரண்டு பக்கமும் எண்ணினால்தான் சரியாகும். பிள்ளைகளை விரல் விட்டு எண்ண வையுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

மிருகத்தின் எண்ணான 666க்கு வருவோம். வெளிப்படுத்தின விசேஷம் 13:18 "புத்தியுடையவன் கணக்குப் பார்க்கட்டும்" என்று தானே சொல்வதால் இங்கே கணக்குப் போடலாம். 'நேரோன் கேசர்' (ரோமப் பேரரசன் நீரோ) என்பதை எபிரெய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, அடுத்து 100, 60, 200. கூட்டிப் பாருங்கள், 666. லத்தீன் உச்சரிப்பில் 'நேரோ' என்று கடைசி எழுத்தை விட்டால் 50 குறைந்து 616. வேடிக்கை என்னவென்றால் சில மிகப் பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் இரேனியுவுக்கே அது தெரியும், அவர் அதை ஏற்கவில்லை. இரண்டு எண்ணும் ஒரே ஆளிடம் வந்து நிற்பதால் பெரும்பாலான அறிஞர்கள் நீரோவைச் சொல்கிறார்கள். கிறிஸ்தவர்களைக் கொன்ற பேரரசன், கி.பி. 68இல் செத்தவன். அந்தப் புத்தகத்தை முதலில் வாசித்த சபையாருக்கு இந்த மாதிரி ஆட்சியை அடையாளம் காட்டத்தான் எழுதினார் யோவான்.

எனவே ஆட்டோ நம்பரில், சிம் நம்பரில் 666 இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நம் புதிய அடையாள அட்டையில் 12 இலக்கம் இருக்கிறது. அதைப் பன்னிரண்டு கோத்திரத்தோடு முடிச்சுப்போட்டால் சிரிப்போம். பார்கோடுக்கும் அதே சிரிப்புத்தான் பொருந்தும். கூட்டத்தில் யாராவது உண்மையாகவே பயந்திருந்தால் மட்டும் சிரிக்காதீர்கள். பேனையை அவர் கையில் கொடுத்து அந்த ஏழு எண்களையும் அவரையே கூட்டச் சொல்லுங்கள்.

கணக்குப் போடச் சொல்லாத இடத்துக்கு உதாரணம் 153 மீன் (யோவான் 21:11). 1இலிருந்து 17வரை கூட்டினால் 153 வரும் என்று பழைய திருச்சபை அறிஞர் அகஸ்தீன் கவனித்தார். 17ஐப் பத்துக் கட்டளையும் ஆவியானவரின் ஏழு வரமுமாகப் பிரித்தார். மீன் வகைகளே 153 என்று அதே காலத்து அறிஞர் எரோம் எழுதினார். தேயிலைக் கொட்டைகளை முக்கோணமாக அடுக்கி 17 வரிசை காட்டினால் பிள்ளைகள் வாய்பிளப்பார்கள், காட்டுங்கள். ஆனால் அதே மாதிரி 1இலிருந்து 15வரை கூட்டினால் 120, மேல்வீட்டறையில் கூடியவர்கள். 23வரை கூட்டினால் 276, பவுலின் கப்பல். 36வரை கூட்டினால் 666. மிருகமும் கப்பலும் சபையும் ஒரே முக்கோணத்தில் உட்காருமானால் அந்த முக்கோணம் எதையும் நிரூபிக்கவில்லை. ஏன் 153 என்று கேட்டபோது எங்கள் கூட்டத்துப் பெரியவர் ஒருவர், "பங்கு போட எண்ணியிருப்பாங்க, ஏழு பேரு போனாங்கல்ல" என்றார். நாளெல்லாம் பறித்ததைத் தராசில் நிறுத்துக் கணக்கு வாங்கியவர் பேச்சு அது. இத்தனை மீன் இருந்தும் வலை கிழியவில்லை என்பதுதான் அந்த வசனம் சொல்லும் செய்தி. லூக்கா 5இல் வலை கிழியத் தொடங்கியதே, அதை எடுத்துப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

படி 6: வேதாகமத்தில் இல்லாத எண்களைத் தனியாக வையுங்கள்

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கும் சொல்லவில்லை. மூன்று காணிக்கை என்றுதான் இருக்கிறது. தலையான பாவங்கள் ஏழு என்ற பட்டியல் ஆறாம் நூற்றாண்டில் பாப்பரசர் கிரகோரி ஒழுங்குபடுத்தியது. சிலுவைப்பாதையின் 14 நிலைகள், நவநாளின் ஒன்பது நாள் எல்லாம் திருச்சபையின் பக்தி முயற்சிகள். ஒன்பதுக்கு மட்டும் பரமேறுதலிலிருந்து பெந்தெகொஸ்தேவரை சீடர் ஜெபித்த நாள்களை அடிப்படையாகச் சொல்வார்கள். பதின்மூன்று கெட்ட எண் என்பதற்கு வேதத்தில் ஆதாரமே இல்லை. இவற்றைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில், எது வேதம் எது வழக்கம் என்று பிரித்துச் சொன்னாலே பாதிச் சண்டை வராது.

கூட்டத்தை நடத்தும் விதம்

தவக்காலத்தில் வாரம் ஒரு மாலை எடுத்துக்கொள்ளலாம். காலையில் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போக வேண்டியவர்கள், ஆகவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முதல் வாரம் நாற்பது, மத்தேயு 4. இரண்டாம் வாரம் லாமேக்கும் பேதுருவும். மூன்றாம் வாரம் கூடைக் கணக்கு. நான்காம் வாரம் 666. இதை முதல் வாரத்தில் வைத்தால் அதற்கு மட்டும் கூட்டம் வந்துவிட்டு மறுவாரம் ஆளிருக்காது.

ஐந்தாம் வாரத்துக்கு 144,000ஐ வையுங்கள், வெளிப்படுத்தின விசேஷம் 7. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் வரும் தொகை. கோத்திரம் கோத்திரமாகப் பன்னீராயிரம் என்று பதிவு வாசிக்கும் தோரணை எண்ணாகமம் 1ஐ அப்படியே ஞாபகப்படுத்தும். தாண் கோத்திரத்தைக் காணோம், யோசேப்பும் மனாசேயும் இரண்டும் இருக்கிறார்கள். இதை யாராவது கண்டுபிடிக்கட்டும், நீங்களாகச் சொல்லாதீர்கள். அப்புறம் 4ஆம் வசனத்தில் யோவான் அந்தத் தொகையைக் 'கேட்கிறார்', 9ஆம் வசனத்தில் ஒருவராலும் எண்ண முடியாத திரளான கூட்டத்தைப் 'பார்க்கிறார்' என்பதைக் கோடிட்டுக் காட்டுங்கள். கேட்டதும் பார்த்ததும் ஒரே கூட்டமா, இரண்டு கூட்டமா? உரையாசிரியர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஒன்றுதான் என்பது என் எண்ணம், 5ஆம் அதிகாரத்தில் சிங்கம் என்று கேட்டவர் ஆட்டுக்குட்டியைப் பார்க்கிறாரே. ஆனால் முதலில் அதைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் போட்டுவிட்டு, 1964ஐப் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களை முதலில் பேச விடுங்கள்.